பக்கந்தான் அண்ணனும் நாலரை மணி நேரமும்

எங்கள் அலுவலகத்தில் விமான டிக்கெட் போட்டுக்கொண்டவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என்னோடு வேலை செய்யும் அண்ணனின் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. "பக்கந்தான் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறி வருவார்கள். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி. இரண்டு மேஜை, சுவரில் ஓரம் கிழிந்த ஆசியா வரைபடம், வால் உடைந்து பசை போட்டு ஒட்டிய பொம்மை விமானம், வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் ஏசி. ஜன்னலோர மேஜை அண்ணனுக்கு. வாளியோர மேஜை எனக்கு. அவர் டிக்கெட் போடுவார். நான் விசா பாரம் நிரப்புவேன், போட்டோவில் காது தெரியவில்லை என்று ஜனங்களைத் திருப்பி அனுப்புவேன். அதனால் அவரைப் பார்த்தால் சிரிப்பார்கள், என்னைப் பார்த்தால் முறைப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் அண்ணன் சொல்லும் முதல் வார்த்தை, "பக்கந்தான்." நாலு கடல் தாண்டிய ஊராக இருந்தாலும் அதேதான். கிலோமீட்டர் என்ற சொல்லே அவர் வாயில் வராது.

"கிலோமீட்டர் சொன்னா ஜனங்களுக்கு வயித்தைக் கலக்கிடும்மா. அது ரோடு போடறவங்களுக்கு வேண்டிய கணக்கு. வானத்துல போறவங்களுக்கு எதுக்கு?" என்பார்.

அதற்குப் பதிலாக, எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரிப்பார். விசாரித்துவிட்டு, பயண நேரத்தை அந்த வேலையில் மாற்றிச் சொல்வார். முடி வெட்டுகிறவர் வந்தால், "ஞாயித்துக்கிழமை காலையில கடை திறக்கறீங்க. பெஞ்சு காலியாகி நீங்க டீ குடிக்க உட்கார்றதுக்குள்ள ஊர் வந்துடும்." பள்ளிக்கூட டீச்சர் வந்தால், "ஆறு பீரியடுதான் டீச்சர். அதுவும் பசங்க சத்தம் இல்லாம." கைக்குழந்தைக்காரி வந்தால், "குழந்தை ரெண்டு தூக்கம் தூங்கும், நடுவுல ஒரு தடவை அழும். அது வீட்டுல இருந்தாலும் அழும்தானே?" வந்தவர்கள் வரும்போது இருந்த முகம் வேறு, படியிறங்கும்போது இருக்கும் முகம் வேறு. அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கு எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெயிண்டர் ஊருக்குப் போய்விட்டு வந்து நேரே எங்கள் மேஜைக்குத்தான் வந்தார். "ஒரு ரூமுக்கு ரெண்டு கோட்டு அடிக்கிற நேரம்னு சொன்னீங்க. நான் மனசுக்குள்ள ரெண்டு கோட்டும் அடிச்சு, பிரஷ்ஷையும் கழுவி வெச்சுட்டேன். கீழ பார்த்தா இன்னும் கடல்தான் தெரியுது" என்று ஒரே சண்டை. அண்ணன் அன்று பேந்தப் பேந்த விழித்தார். மறுநாள் காலையில் பெயிண்டருக்கு அவரே போன் செய்து, "முதல் கோட்டு காய்ற நேரத்தை விட்டுட்டேங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். காய்கிற நேரத்தைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. வீட்டில் அண்ணி கண்டுபிடித்துச் சொன்னது.

அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் இல்லை, வீட்டில் இரண்டே பேர். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவியதும் அண்ணன் அன்றைக்கு வந்த ஆட்களையெல்லாம் வரிசையாகச் சொல்வார். யாருக்கு என்ன கணக்குச் சொன்னேன் என்று ஒப்பிப்பார். அண்ணி கேட்டுக்கொண்டே காய் நறுக்குவார், தப்பாக இருந்தால் கத்தியை நிறுத்துவார். கத்தி நின்றால் கணக்கு தப்பு என்று அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்கு வேலை, மூன்று தெரு தள்ளி ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். பல் செட்டு செய்வார். முன்னறையில் டாக்டர் அச்சு எடுத்து அனுப்ப, பின்னறையில் அண்ணி அதைப் பிளாஸ்டரில் வார்த்து, தாடை மாதிரி திறந்து மூடும் ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்குவார். மேலே பதினாலு, கீழே பதினாலு. சின்னச் சுடரில் கத்தி முனையைக் காட்டி, மெழுகை இளக்கி, ஒரு பல்லை மயிரிழை அளவு திருப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தபோது, "ஏன் அண்ணி, நல்லா நேரா இருந்த பல்லைக் கோணலாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும். ஒண்ணு ரெண்டு லேசா கோணினாத்தான் நிஜம்னு நம்புவாங்க" என்றார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை, வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ், கார், ரயில் எதுவும் ஆகாது. பஸ் ஸ்டாண்டைக் கடந்து நடந்தாலே முகம் வெளுத்துவிடும். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் மலை ஊருக்குக் கிளம்பி, பாதி மலையில் இறங்கி, கீழே போகிற பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தார்களாம். அதோடு சரி. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவது என்று அண்ணனும் எங்கேயும் போகவில்லை. ஊரையே விமானத்தில் ஏற்றி விடுகிற மனிதர் இதுவரை விமானத்தின் படியில்கூடக் கால் வைத்ததில்லை. இதைச் சொல்லி நான் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது.

சமீபத்தில்தான் டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அண்ணி ஒரு நீண்ட பஸ் பயணம் போய்ப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதுக்கு மேல வாந்திப் பையைத் தேட வேண்டியதாப் போச்சு" என்று வந்து சொன்னார். அவருடைய வயிற்றுக்கு அதுதான் எல்லை. அஞ்சு மணி நேரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. கிழக்கே ஒரு துறைமுக நகரத்தில் பல் செட்டு செய்யும் மெஷின் விற்கிற கம்பெனி ஒன்று பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. ஒன்பது மாதம் அங்கே வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அண்ணியைக் கேட்டார்கள். டாக்டர்தான் சிபாரிசு செய்திருந்தார். அண்ணி எனக்குப் போன் செய்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது.

"மெஷின் பல்லை நேரா அடுக்கிடுதாம். கோணலா அடுக்கச் சொல்லித்தர ஆள் வேணுமாம். என்னை வரச் சொல்றாங்க" என்று சிரித்தார். பிறகு, "இத்தனை வயசுக்கு என்னை ஒருத்தரும் எங்கேயும் வான்னு கூப்பிட்டதில்லடி" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணி மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். பயணம் அஞ்சு மணி நேரத்துக்குள் என்றால் போவது, அதற்கு மேல் என்றால் மறந்துவிடுவது. எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்பார்? டிக்கெட் போடுகிறவரையே புருஷனாக வைத்துக்கொண்டு போனில் தேடுவானேன் என்று நினைத்தார். அது தப்பா?

அந்தத் துறைமுக நகரத்துக்கும் எங்களுக்கும் பழைய பழக்கம். நேர் விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் காலை எட்டுக்கு ஏறினால் அங்கே மதியம் இரண்டு என்று டிக்கெட்டில் இருக்கும். திரும்பும்போது மூன்றுக்கு ஏறினால் இங்கே ஆறு. இதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் மேஜையைத் தட்டினார். "போறதுக்கு ஆறு மணி நேரம், வர்றதுக்கு மூணா? போறப்ப ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போறாங்களா?" அண்ணன் கொஞ்சமும் அசராமல், "வீட்டுக்கு வர்றப்ப எல்லாருமே வேகமாத்தாங்க வருவோம்" என்றார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். பின்னாலேயே படியிறங்கிப் போய், கடிகாரக் கணக்கை விளக்கிச் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

ஆக, அண்ணி கேட்கப்போகும் கேள்விக்கு அண்ணன் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார் என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன் செய்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார். நான் யாருடைய போட்டோவிலோ காதைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது என் காதில் அது விழுந்தது.

"மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் கிலோமீட்டர்.

"ரொம்ப தூரம். ரெண்டு எடத்துல எறங்கி மாறணும். ஒரு ஏர்போர்ட்டுல பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கணும். எல்லாம் சேர்த்து பத்தொன்பது மணி நேரம் ஆகும். உன் உடம்புக்கு ஒத்துக்காதும்மா."

அந்தப் பக்கம் அண்ணி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதிக நேரம் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அண்ணன் போனை வைத்துவிட்டு, வால் ஒட்டிய பொம்மை விமானத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதைத் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணே, அந்த ஊருக்கு நேர் ப்ளைட் இருக்கே. போன மாசம் தபால்காரருக்கு நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க?"

"இருக்கு."

"அப்புறம்?"

"நான் சொன்ன வழியும் இருக்கும்மா. ரெண்டு எடத்துல மாறிப் போறவங்களும் இருக்காங்க. பொய் ஒண்ணும் சொல்லல." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நேர் விமானம் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, பட்டியலின் அடிக்குப் போய், இருப்பதிலேயே நீளமான வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"அப்படிப் பார்த்தா கீழ செருப்புக் கடைக்குப் போகக்கூட உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டுப் போகலாம்ணே. அதுவும் வழிதான்."

அண்ணன் விமானத்தின் இறக்கையைத் துடைத்தார். பிறகு, "ஒன்பது மாசம்மா" என்றார். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா நான் யார்கிட்ட சொல்றது? சுவத்துக்கிட்டயா?"

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணி போனில் சிரித்த சிரிப்பும் என் காதில் இருந்ததே. ஊரில் இருக்கிற அத்தனை பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பிரித்து அனுப்பி வைத்துவிட்டு, தன் வீட்டுக் கதவை மட்டும் இவர் சாத்திக்கொள்வாரா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணன் என்னைத் தாஜா பண்ணிய அழகைச் சொல்ல வேண்டும். கேட்காமலேயே டீ வந்தது. டீக்குப் பின்னால் பிஸ்கட் வந்தது. வாளி நிரம்பியதும் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அதுவரை அந்த அலுவலகத்தில் வாளி இருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நான் டீயைக் குடித்தேன், பிஸ்கட்டைத் தின்றேன், பிடி மட்டும் கொடுக்கவில்லை.

வியாபாரமும் ஆட்டம் கண்டது. யாராவது எவ்வளவு தூரம் என்று கேட்டால், பக்கந்தான் என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல் வரும். தையற்கடைக்காரர் ஒருவரிடம் தொழிலைக் கேட்கவே மறந்துவிட்டார். அவராகவே, "நான் சட்டை தைக்கிறவன்" என்று எடுத்துக் கொடுத்தும், "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை நீட்டினார். தையற்கடைக்காரர் ஏமாந்த முகத்தோடு போனார்.

இதற்கிடையில் பல் மருத்துவமனையில் நடந்ததை அண்ணி பிற்பாடு சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் தபால்காரர் அங்கே போயிருக்கிறார். தபால்காரர் என்றால் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. தெருவில் எல்லாரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருடைய மகள் இருப்பது அந்தத் துறைமுக நகரத்தில். போய் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். கீழ்ச் செட்டு ஈறில் குத்துகிறது என்று கையில் கழற்றி வைத்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாராம். செட்டு செய்தது அண்ணிதான். குத்துகிற இடத்தை ராவி, வழவழப்பாக்கி, கழுவி, அவரிடமே கொடுத்தார் அண்ணி. அவர் அதை மாட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியும் கடித்துப் பார்த்துவிட்டுப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"ப்ளைட்டுல ஆப்பிளைக் கடிச்சது தப்பாப் போச்சும்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் சொன்னது அப்படியே நடந்துச்சு. பக்கந்தான்னாரு. ஒரு பை தபாலைக் குடுத்து முடிச்சு, காலிப் பையோட ஆபீசுக்குத் திரும்பற நேரம்னாரு. கண்ணை மூடி உட்கார்ந்து, என் பழைய தெருவெல்லாம் மனசுக்குள்ள ஒவ்வொரு வீடா போனேன். கடைசி வீட்டுல ஒரு நாய் இருக்கும், அதுகிட்டேருந்து தப்பிச்சு வெளிய வர்றேன், பெல்ட்டைப் போடச் சொல்றாங்க. காலையில ஏறினேன், மகள் வீட்டுல போய் மதியச் சாப்பாடு."

அண்ணியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "மாறிப் போகணுமே? ரெண்டு எடத்துல?"

"எதுக்கு மாறணும்? நேரா போகுதே. உங்களுக்குத் தெரியாதா?" என்று தபால்காரர், ராவிச் சரி செய்த பல் அத்தனையும் தெரியச் சிரித்தாராம்.

அன்று மதியம் எங்கள் கண்ணாடிக் கதவு திறந்தது. அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "வாங்க, உட்காருங்க" என்றார். எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அண்ணி. முழங்கை வரை பிளாஸ்டர் தூசி. வேலைத் துணிகூட மாற்றவில்லை.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை என்பது சத்தியம்.

"நீ எங்கம்மா இங்க?"

"நான் கஸ்டமர். எனக்கு ஒரு டிக்கெட் வேணும்." அண்ணி ஊர்ப் பெயரைச் சொன்னார். "எவ்வளவு தூரம்?"

அண்ணனுக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. பழக்க தோஷத்தில், "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

நான் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினேன்.

"பல்லு அடுக்கறேன்" என்றார் அண்ணி.

"மேல் செட்டு பதினாலு பல்லு. அவசரப்படாம, தள்ளி நின்னு பார்த்துப் பார்த்து அடுக்கணும். அப்புறம் கீழ் செட்டு." அண்ணனின் குரல் வர வர இறங்கியது. "கடைசிப் பல்லை வெச்சு, மெழுகை வழிச்சு, கத்தியைத் துடைக்கிறதுக்குள்ள வந்துடும்."

"மணிக்கணக்குல?"

"நாலரை."

"அன்னிக்குப் பத்தொன்பதுன்னு சொன்னீங்க."

அண்ணனின் கை பொம்மை விமானத்துக்குப் போனது.

"மலை பஸ்ஸுல வளைவுக்கு வளைவு கேட்டேன், இன்னும் எவ்வளவு தூரம்னு. ஒவ்வொரு தடவையும் பக்கந்தான்னு சொன்னீங்க. மனசுக்குள்ள பல்லை அடுக்கிட்டே வா, முடிக்கறதுக்குள்ள ஊர் வந்துடும்னீங்க. ஊர் வரல. உங்க புதுச் சட்டையிலேயே வாந்தி எடுத்தேன். அப்பவும் உங்களை நம்பினேன்." அண்ணியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எனக்குன்னு சொன்ன வார்த்தையை எடுத்துத்தானே இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எல்லாருக்கும் பக்கமா இருக்கற ஊர் எனக்கு மட்டும் எப்படிங்க தூரமாச்சு?"

அந்தச் சொல்லுக்கு முதல் கிராக்கி அண்ணிதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேஜை விளிம்புக்கு மேலே கண் மட்டும் தெரிய, நான் அப்படியே குனிந்திருந்தேன்.

"மத்தவங்க போனா எனக்கு என்னம்மா" என்றார் அண்ணன் கடைசியில். "போறவங்களுக்குத்தான் நான் கணக்குச் சொல்வேன். இருக்கறவங்களுக்கு எவ்வளவு தூரம்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீ போறேன்னதும்தான் எனக்கே தெரிஞ்சுது. தூரம்மா. ரொம்ப தூரம்."

அண்ணி எழுந்து சுவரில் இருந்த வரைபடத்துக்குப் போனார். நம் ஊரின் மேல் கட்டை விரலை வைத்து, கையை விரித்து, சுண்டுவிரலை அந்த ஊருக்கு நீட்டினார். எட்டவில்லை. விரலின் பிளாஸ்டர் தூசி கடலில் ஒட்டியது.

"எனக்கு எட்டல. நீங்க வைங்க" என்றார்.

அண்ணன் எழுந்து வந்து தன் கையை வைத்தார். சரியாக ஒரு சாண். எட்டியது.

"உங்களுக்கு எட்டுதில்ல? அப்ப எனக்கு இப்ப ஒண்ணு போடுங்க. நாலாவது மாசத்துக்கு உங்களுக்கு ஒண்ணு போடுங்க" என்றார் அண்ணி.

"எனக்கா? நான் ஏறினதே இல்லையே." அண்ணனின் முகத்தில் அப்போது வந்த பயம் இருக்கிறதே, அதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கிக்கூட வந்திருப்பேன். "எனக்குத் தலை சுத்தினா?"

"பல்லை எண்ணிக்கிட்டே வாங்க. இல்லேன்னா எத்தனை பேருக்குப் பக்கந்தான்னு சொன்னீங்களோ, அத்தனை பேரையும் ஒவ்வொருத்தரா நினைச்சுக்கிட்டே வாங்க. பாதிப் பேர் முடியறதுக்குள்ள எறங்கிடுவீங்க." அண்ணி கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். "கோபம் இன்னும் போகல. சாயங்காலம் நீங்கதான் காய் நறுக்கணும்."

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். டிக்கெட்டை அண்ணனே போட்டார். இடைவழிப் பக்கம், இறக்கைக்கு நேரே, ஆட்டம் குறைந்த இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேடினார். ஒரு டிக்கெட்டுக்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அண்ணி கிளம்பிய அன்று, ஏற்றிவிட்டு நேரே வேலைக்கு வந்துவிட்டார் அண்ணன். வீட்டுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரில் விமானம் பறக்கிற படத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். நீலக் கடலில் எறும்பு மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி. அது நகர்வதே தெரியாது. அண்ணன் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அவ்வப்போது அவர் உதடு அசைந்தது. பல்தான் அடுக்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் டீ வாங்கி வைத்தேன், ஆறிப்போனது.

மதியத்துக்கு மேல் ஓர் அம்மா படியேறி வந்தார். மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறார். கையில் பாஸ்போர்ட்டும் கண்ணில் தண்ணீருமாக உட்கார்ந்து, "பக்கந்தான் நீங்கதானா? எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்க்க, நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய மகள் போட்டோவில் காது தெரிகிறதா என்று பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. அப்போது போன் அடித்தது.

"எறங்கிட்டேங்க" என்று அண்ணியின் குரல் எனக்கே கேட்டது. "உங்க கணக்கு தப்பு. ரெண்டு செட்டும் அடுக்கி, கத்தியைத் துடைச்சு, மூணாவது செட்டுல ரெண்டு பல்லு வெச்சுட்டேன். மேல ஒரு சுத்து சுத்தினாங்க."

"வாந்தி?"

"வரல. பையை மடிச்சு அப்படியே பத்திரமா வெச்சிருக்கேன். நாலாவது மாசம் உங்களுக்கு ஆகும்."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். போனை வைத்துவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"தூரந்தாம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறியது. "என்னங்க, எல்லாருக்கும் பக்கந்தான்னு சொல்வீங்கன்னு சொன்னாங்களே."

"போற உங்க பொண்ணுக்குப் பக்கந்தான். வீட்டுல இருக்கற உங்களுக்குத் தூரந்தான். ஆனா போயிட்டு வர்ற தூரந்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அண்ணன். "சொல்லுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? உங்களுக்கும் ஒண்ணு பார்த்துடுவோம்."